அம்மாவின் மூன்றாவது உயில்

மரக்காணம் பதிவு அலுவலகத்தில் என் வீட்டுக்காரர் அம்மாவின் உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்து போட்ட காலைவேளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும். குட்டி யானை வண்டி ஓட்டுகிற மனிதர் அவர். மீன் பெட்டி ஏற்றினாலும் உப்பு மூட்டை ஏற்றினாலும் ரசீதை ஸ்டியரிங் மேல் வைத்து ஒரு கிறுக்கு கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அன்றைக்கு மட்டும், கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் பொத்தான் இழுக்க இழுக்கப் போட்டுக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தன் பெயரையும் தன் அப்பா பெயரையும் பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கண் ஆபரேஷன் செய்த கறுப்புக் கண்ணாடியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா, “இன்னாடி, போட்டாச்சா? நல்லா போட்டாரா?” என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். போட்டாச்சும்மா, போட்டாச்சு என்றேன். அந்தக் கையெழுத்து என் தலையில்தான் விழுந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அம்மா உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அண்ணனையும் என்னையும் உப்பு வாரியே படிக்க வைத்தாள். அந்தக் கூலியிலேயே ஒரு ஓட்டு வீட்டையும் அதற்குப் பின்னால் ஒரு காலி மனையையும் தன் பெயரில் வாங்கினாள். நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை பார்க்காமல் அம்மா அடுப்பு பற்றவைத்ததில்லை. நான் கட்டிக்கொண்டதோ கடற்கரைக் குப்பத்துப் பிள்ளையை. அவர்கள் வீட்டில் படகு இறக்கும் முன் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றுவார்கள். அவர் வேதத்துக்கு வரமாட்டேன் என்றார், நான் அம்மனுக்கு வரமாட்டேன் என்றேன், இருவரும் ஒத்துக்கொண்டு சட்டப்படி பதிந்து கல்யாணம் செய்துகொண்டோம். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அம்மா அதோடு நிற்கவில்லை. சேதி காதில் விழுந்த கையோடு பத்திரம் எழுதுகிற ரைட்டரைப் பிடித்து, வீடும் மனையும் மகனுக்கே என்று தன் முதல் உயிலை எழுதிப் பதிந்துவிட்டாள். “எனக்கு ஒரே புள்ளதாம்ப்பா” என்று ரைட்டரிடம் சொன்னாளாம். அதை யார் யாரோ வந்து என்னிடம் சொன்னார்கள். நல்ல சேதி சொல்ல ஓர் ஆள் வராது, இதற்கு மட்டும் வரிசையில் நின்று சொல்வார்கள்.

அவளை மாற்றியது நானும் இல்லை, கோயில் சாமியாரும் இல்லை, கண்தான். காலமெல்லாம் உப்பு வெள்ளையில் வெயில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தைப் பார்த்துப் பார்த்து அம்மாவின் கண் பழுதாயிற்று. புதுச்சேரிக்கு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருந்தது. சென்னையில் கம்பெனி வேலையில் இருந்த அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. “நான் இட்டுனு போறேன்னு சொல்லு உங்க அம்மாகிட்ட” என்றார் என் வீட்டுக்காரர். அந்தப் பயணங்களை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஸ்டியரிங்கில் அவர், ஜன்னல் ஓரம் அம்மா, நடுவில் ஒடுங்கிக்கொண்டு நான். “அந்த ஆள கொஞ்சம் மெதுவா போகச் சொல்லுடி” என்பாள் அம்மா. “மெதுவாத்தான் போறேன்னு சொல்லு” என்பார் அவர். ஒரு முழங்கை தூரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு நான் தூது. பெரிய முதலியார்சாவடி வந்ததும் வண்டியை ஓரம் கட்டி டீ வாங்குவார். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்று நான் சொன்னதில்லை, ஆனால் அவளுக்கு வரும் டீ மட்டும் சர்க்கரை இல்லாமல் வரும். அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தையும் குடித்து முடிப்பாள்.

ஒரு தடவை எனக்கு ஜுரம். இருவரும் தனியாகத்தான் போனார்கள். போகும்போது என்ன பேசினார்களோ, வரும்போது என்ன பேசினார்களோ, இரண்டு பேரும் ஒரு நாளும் மூச்சுவிட்டதில்லை. திரும்பி வந்து அம்மாவை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அவர் வண்டியைத் திருப்பியபோது, “வாங்க, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போலாம்” என்றாளாம் அம்மா. அதை அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது எனக்கு ஜுரம் விட்டுப்போனது. மிகைப்படுத்தவில்லை, நிஜமாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் இரண்டாவது உயில். வீடு மகனுக்கு, பின்னால் இருக்கும் மனை மகளுக்கு என்று மாற்றி எழுத வேண்டும் என்றாள். அண்ணனும் போனில், “எழுதும்மா, இதுக்கு என்னைக் கேக்கணுமா” என்றான். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. யாரை விலக்கி வைத்திருந்தோமோ, நாளைக்கு யார் வாயைத் திறப்பார் என்று பயமோ, அவரையே கூப்பிட்டுப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து போட வைப்பார்கள். சாட்சி போட்டவன் சண்டைக்கு வரமாட்டான் என்பது ஒரு கணக்கு. ஊரறிய அவனைச் சேர்த்துக்கொண்டோம் என்பது அதைவிடப் பெரிய கணக்கு. ரைட்டரும் அதையே சொன்னார். “மருமவனையே போடச் சொல்லுங்கம்மா, மரியாதையா இருக்கும்.” இன்னொரு சாட்சிக்கு, மாதா கோயிலில் பூசைக்கு உதவுகிற கோயில்பிள்ளை வந்தார். அண்ணனும் ஊரில் இருந்திருந்தால் அவனையும் உட்கார வைத்திருப்பார்கள். கையெழுத்து முடிந்து எல்லாரும் அம்மா வீட்டில் சாப்பிட்டோம். என் வீட்டுக்காரருக்கு அம்மா தன் கையால் மீன் துண்டம் எடுத்து வைத்தாள். கடற்கரைக்காரனுக்கே மீன் பரிமாறுகிறாயே என்று நான் கேலி செய்தேன். “நீ சும்மா குந்துடி” என்றாள்.

திண்டிவனத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. போகும்போதும் வரும்போதும் பஸ் ஜன்னலில் பெருமுக்கல் மலையைப் பார்த்தே என் பாதி ஆயுசு போயிற்று. பிறத்தியார் குடும்பச் சண்டையை டைப் அடித்துச் சாப்பிடுகிறவள் நான். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அவரவர் வக்கீல் சொல்லச் சொல்ல எப்படியெல்லாம் அன்னியராகிப் போகிறார்கள் என்று வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தச் சண்டைகளெல்லாம் காகிதத்துக்குள் நடக்கிறவை, நம் வீட்டுக்கு வராது என்று ஒரு நினைப்பு எல்லாருக்கும் போல எனக்கும் இருந்தது. ஒரு நாள் ஒரு வேதக்காரக் குடும்பத்து வழக்கு வந்தது. தகப்பனார் எழுதிய உயிலுக்கு மூத்த மருமகன் சாட்சி போட்டிருக்கிறார், ஆகையால் மூத்த மகளுக்கு எழுதிய பாகம் செல்லாது என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. டைப் அடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

“ஐயா, இது நெஜமா? எல்லாருக்கும் இப்படித்தானா?” என்று வக்கீல் ஐயாவைக் கேட்டேன். “உங்க ஆளுங்க எழுதுற உயிலுக்குத்தாம்மா. சாட்சி போட்டவருக்கோ அவர் சம்சாரத்துக்கோ எழுதின பங்கு போயிடும். உயில் நிக்கும், அந்தப் பங்கு மட்டும் நிக்காது. இந்துக்களுக்கு இந்தத் தொல்லை இல்ல” என்றார். எங்கள் ரைட்டர் காலமெல்லாம் எழுதியது இந்துக் குடும்பங்களின் உயிலைத்தான். அந்தப் பழக்கத்தில் அவருக்கு இது தோன்றவே இல்லை. அதோடு உயிலின் கடைசியில், இதில் சொல்லாதது, விட்டுப்போனது எல்லாம் என் மகனையே சேரும் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். ஆக, என் மனை அண்ணனுக்குப் போய்விடும். நாங்கள் இருந்தது வாடகை வீட்டில், வீட்டுக்காரம்மா தன் மகனுக்குக் கல்யாணம், காலி செய்யுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்த நேரம். எங்களுக்கென்று தலைக்கு மேல் ஒரு கூரை வந்தால் அது அந்த மனையில்தான் வந்தாக வேண்டும்.

அன்று மாலையே வீட்டுக்காரரிடம் சொன்னேன். வண்டித் தார்ப்பாயில் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப என் கையெழுத்து செல்லாதா?”

“உங்க கையெழுத்து செல்லும். என் பங்குதான் செல்லாது.”

“கையெழுத்து செல்லுதில்ல? வுடு” என்று மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஊசியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். வேறு ஒன்றும் வேண்டாம், அதே உயிலை அப்படியே மறுபடி எழுதி, வெளியாள் இரண்டு பேரைச் சாட்சி வைத்தால் போதும், வக்கீல் ஐயாவே எழுதித் தருகிறேன் என்கிறார் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் தலையே நிமிரவில்லை. “உங்க அம்மா கூப்ட்டு உக்கார வெச்சாங்க. இப்ப எந்திரின்னா எப்படி எந்திரிக்கறது? மனை போனா போவுது” என்றார். மனை யாருடையது, போனால் போகிறது என்று சொல்ல? கேட்டேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

சரி, அம்மாவுக்காவது புத்தி இருக்கும் என்று போனால் அங்கே அதைவிட மோசம். “சோறு போட்டுட்டுப் பாதியில எலைய இழுக்கச் சொல்றியாடி?” என்றாள். சட்டம் அப்படி இருக்கிறதம்மா என்றேன். எவன் போட்ட சட்டம் என்றாள். வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது என்றேன். “அவனுக்கு இன்னாடி தெரியும்? அவன் மாமியா வூட்டுக்குப் போயிருப்பானா, மாமியா கையால தின்னிருப்பானா?” என்றாள். அண்ணனுக்குப் போன் போட்டால் அவன் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டான். “உன் பங்கை நான் தின்னுடுவேன்னு நெனச்சிட்டியா?” “உன்னை நம்பறேண்ணா. உனக்கப்புறம் அண்ணி இருக்காங்க, பசங்க இருக்காங்க.” “ஓகோ, அப்ப என் வீட்டுக்காரிய நம்பலை” என்று போனை வைத்துவிட்டான்.

அம்மாவும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்களா என்று எத்தனை நாள் கோயிலில் முட்டி போட்டிருக்கிறேன். மாதா கேட்டுக்கொண்டாள், சேர்த்தும் வைத்தாள், எனக்கு எதிராகச் சேர்த்து வைத்தாள். அம்மா வீட்டில் மீன் குழம்பு வைத்தால் அவருக்குப் போன் போகும். எனக்குப் போகாது. “பங்கு கேக்கறவ வரலியா?” என்று அவரிடம் கேட்டுச் சிரிப்பாளாம். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இதில் யார் தப்பு என்று யோசித்துப் பார்த்தால் ஒருவர் மேலும் விரலை நீட்ட முடியவில்லை. அவர்களுக்கு அந்தக் கையெழுத்து பல வருஷப் பகை தீர்ந்ததற்கு அடையாளம். எனக்கு அது ஒரு கூரை. மரியாதையைப் பற்றிப் பேசுகிற இடத்தில் கூரையைப் பற்றிப் பேசுகிறவள் எப்போதும் அற்பமாகத்தான் தெரிவாள். தெரிந்தால் தெரியட்டும் என்றுதான் நானும் விடாமல் கேட்டேன், பண்டிகை நாளிலும் கேட்டேன்.

அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த சமயம் அது. ஒரு நாள் முன்பகலில் வக்கீல் அலுவலகப் படியேறி யாரோ மெதுவாக வருகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் அம்மா. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கீழே வேப்பமர நிழலில் குட்டி யானை நிற்கிறது, அவர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். அம்மா என்னைப் பார்க்காமல் நேரே வக்கீல் ஐயா எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“ஐயா, என் மருமவன் கையெழுத்து ஆவாதுன்னு சொன்னீங்களாமே. அவர் பேரு ஆவுமா?”

“பேரு ஆகும்மா. சாட்சியா இல்லாம, வாங்கிக்கறவரா இருந்தா தாராளமா ஆகும்.”

“அப்ப என் பொண்ணு பேரை எடுத்துட்டு அந்த எடத்துல அவர் பேரைப் போடுங்க. சாட்சிக்கு யாரையாவது கூப்ட்டுக்குங்க.”

வக்கீல் ஐயா என்னைப் பார்த்தார். “அம்மா, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்” என்றேன்.

“தெரியுது. டைப் அடி” என்றாள்.

டைப் அடித்தேன். இதற்கு முன் எழுதிய உயில்களை ரத்து செய்கிறேன் என்பதில் தொடங்கி, வீடு என் மகனுக்கு என்பது வரை அடித்தேன். அடுத்த வரியில் என் பெயர் இருந்த இடத்தில் என் வீட்டுக்காரர் பெயரை நானே அடித்தேன். அம்மாவின் உயிலில் என் பெயர் விடுபடுவது அது இரண்டாவது தடவை. முதல் தடவை அவரைக் கட்டிக்கொண்டதால் விடுபட்டது, இந்தத் தடவை அவரைப் பிடித்துப்போனதால் விடுபட்டது. உலகத்தில் எந்த மகளுக்காவது இப்படி நடந்திருக்குமா? குமாஸ்தாவும் எதிர்க் கடைக்காரரும் சாட்சி போட்டார்கள். அன்றைக்கே பதிவும் ஆயிற்று.

பதிவுக்குப் போகப் படியிறங்கும்போது அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். கையைத்தான் பிடித்துக்கொண்டேன், விழுந்துவிடுவாள் என்று. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. “ரெண்டு தடவையும் என்னை வுட்டுட்டியேம்மா.”

“நீ என் வயித்துல பொறந்தவடி. உனக்குப் பத்திரம் எதுக்கு?”

“கோர்ட்டுல போய் உன் வயித்தையா காட்டுவேன்?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து மூச்சு வாங்கியதில் படியிலேயே உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். “உன் பேர்ல இருந்தா ஊர்ல இன்னா பேசுவாங்க தெரியுமா? பொண்டாட்டி மனையில குந்தியிருக்கறவன்னு பேசுவாங்க. நான் பேசின பேச்சே அந்த ஆளுக்கு ஆயுசுக்கும் போதும்டி.” அவள் அவரைப் பற்றி ஊரெல்லாம் என்னென்ன பேசினாள் என்று எனக்குத் தெரியும். அதை அவள் வாயாலேயே கேட்ட பிறகும் கோபம் மட்டும் போகவில்லை. அவளைக் கொண்டுபோய் வண்டியில் ஏற்றிவிட்டு, நான் வரவில்லை, வேலை இருக்கிறது என்று மேலே ஏறி வந்துவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். உயிலின்படி பட்டா மாறியது, வீடு அண்ணன் பேருக்கும் மனை அவர் பேருக்கும். அங்கே ஒரு ஷீட் வீடு போட்டுக் குடிபோனோம். எங்களுக்குள் சண்டை வராத நாள் உண்டா? மற்ற பெண்கள் கோபம் வந்தால் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பையைத் தூக்குவார்கள். நான் எங்கே போவேன்? நிற்கிற இடமே அம்மாவினுடையது, அதுவும் அவர் பேரில். “உங்க வீடு, உங்க எடம், நீங்களே பெருக்கிக்குங்க” என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துப் பெருக்குவார். அது எனக்கு இன்னும் எரியும்.

அம்மாவின் வருஷ நினைவுப் பூசைக்குச் சில நாள் இருக்கும்போது, “நாளைக்கு லீவு போடு, ரெஜிஸ்டர் ஆபீஸ் போவணும்” என்றார். எதற்கு என்றேன். “உங்க அம்மா சொல்லிட்டுப் போனது. நான் குடுத்ததுன்னு ஊரு பேசணுமாம், வருசம் திரும்பறதுக்குள்ள மனைய உன் பேருக்கு எழுதிடணும்னாங்க. அன்னிக்குத் திண்டிவனத்துலேர்ந்து வரும்போதே சொல்லிட்டாங்க.”

“இத்தினி நாள் ஏன் சொல்லலை?”

“சொல்லக் கூடாதுன்னாங்க. சொன்னா மறுநாளே டைப் அடிச்சிக்கினு வந்து நிப்பியாம்.”

நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, ஒரு சாட்சி கிடையாது. இந்த மனிதர் குப்பத்துக்காரர் என்று வாசல்படி ஏற விடாத அம்மா, கடைசியில் என் கூரையைத் தூக்கி அவர் வாய்வார்த்தை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவர் மறந்திருந்தால்? வண்டியில் போகும்போது அவருக்கே ஏதாவது ஆகியிருந்தால்? வக்கீல் அலுவலகத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவளுக்கு இதைவிடப் பைத்தியக்கார வேலை ஒன்றைச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு வருஷமாக என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிய மனிதர் இவர்தான். மாமியார் கண்ணில் பட்டது இத்தனை வருஷம் கூடவே இருந்த என் கண்ணில் ஏன் படவில்லை என்றும் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

வேண்டாம் என்று நான் ஒரு பேச்சுக்காவது சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் சொல்லவில்லை. தானப் பத்திரத்தை நானே டைப் அடித்து எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் லீவு போட்டு வந்து சாட்சி போட்டான், இதற்கு அந்தத் தடை இல்லை என்று வக்கீல் ஐயாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் போட விட்டேன். பதிவாளர் பத்திரத்தைப் புரட்டிவிட்டு என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க சொத்தை உங்க மனைவிக்கு முழுச் சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கறீங்களா?”

“இது என்னுது இல்லீங்க சார்” என்றார் அவர். “இவங்க அம்மா என்கிட்ட குடுத்து வெச்சிருந்தாங்க.”

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அப்படிச் சொன்னா நான் பதிவு பண்ண முடியாதுப்பா. உங்களுதா இருந்தாத்தான் நீங்க குடுக்க முடியும். சொல்லுங்க, உங்களுதா, இல்லியா?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பொய் சொல்ல வராத முழிப்பு. அண்ணன் என்னைப் பார்த்தான், பதிவாளரும் என்னைப் பார்த்தார்.

“அவருதுதான் சார்” என்றேன்.